சாபி சாண்ட் காட்டுக்கு முதன்முறை செல்வோருக்கு: மாதம் பார்ப்பதிலிருந்து தடம் பார்ப்பது வரை

தென்னாப்பிரிக்கக் காடுகளைக் காணப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்து பெரும் விலங்குகளையும் பார்த்துவிட முடியுமா என்பதைத்தான். எந்த மாதத்தில் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், விமானச்சீட்டு மலிவாகக் கிடைக்கிற மாதத்தில் என்று பதில் வரும். சீட்டு மலிவாகக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் காட்டில் எந்த விலங்கு எங்கே நிற்கும், அதைப் புல் மறைக்குமா, கண்ணில் பட்டாலும் எவ்வளவு நேரம் பார்க்க முடியும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது மழை. ஆகவே இந்த வழிகாட்டியில் மழையையும் மண்ணையும் முதலில் வைத்து, விலங்குகளைப் பின்னால் வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள சாபி சாண்ட் என்னும் தனியார் காப்பகம்; சுற்றியுள்ள மற்றக் காப்பகங்களுக்கும் இதில் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

க்ரூகர் பூங்கா தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீண்டு கிடக்கிறது. அதன் தென்மேற்கு ஓரத்தில் சுமார் 65,000 எக்டேர் பரப்புடன் இருப்பது சாபி சாண்ட். தெற்கில் ஓடும் சாபி ஆறும், காப்பகத்தின் ஊடே ஓடும் சாண்ட் ஆறும் சேர்ந்து அதற்குப் பெயரைக் கொடுத்தன. 1898ஆம் ஆண்டில், அன்றைய ட்ரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் க்ரூகரின் அரசு சாபி காப்பகத்தை அறிவித்தது. 1926இல் அது தேசியப் பூங்காவாக விரிந்தபோது, மேற்கே தனியாருக்குச் சொந்தமான நிலங்கள் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. மாடு வளர்ப்புக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட அந்த நிலங்களின் உரிமையாளர்கள் 1948இல் ஒன்றுகூடி அமைத்ததே இன்றைய காப்பகம். ஆகவே தனியார் காப்பகம் என்றதும் ஒரே முதலாளியின் தோட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. பல உரிமையாளர்களின் நிலங்கள் உள்வேலிகள் இன்றி ஒரு பொது விதிமுறையின் கீழ் இயங்குகின்றன.

கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவாமல் தடுப்பதற்காக க்ரூகரின் மேற்கெல்லையில் 1961வாக்கில் வேலி போடப்பட்டது. கோடையில் ஓரிடமும் குளிரில் ஓரிடமுமாக நடந்து பழகிய, வைல்டுபீஸ்ட் என்னும் மாட்டுருவ மான்களின் மந்தைகள் அந்த வேலியில் முட்டி நின்று, பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக்கையில் வெகுவாகக் குறைந்தன. 1993இல் சாபி சாண்ட்டுக்கும் க்ரூகருக்கும் இடையிலிருந்த வேலி அகற்றப்பட்டது. இன்று காலையில் பூங்காவில் நீர் குடிக்கும் யானை மாலையில் காப்பகத்தில் மரம் முறித்துக்கொண்டிருக்கலாம். கோமாரி நோய்க்கான கட்டுப்பாடு மட்டும் காப்பகத்தின் வெளிப்புற மேற்கு வேலியில் இன்னும் தொடர்கிறது.

விலங்குகள் ஒன்றேயானால் தனியார் காப்பகத்துக்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. க்ரூகரில் உங்கள் காரை நீங்களே ஓட்டிச் செல்லலாம். ஆனால் சாலையை விட்டு இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சாபி சாண்ட்டில் உங்கள் காருக்கு வாயிலிலிருந்து விடுதி வரைதான் வேலை. அதன்பின் விடுதியின் திறந்த வண்டியில், வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும் அழைத்துச் செல்வார்கள். சிறுத்தை போன்ற விலங்கைப் பின்தொடரும்போது வண்டி பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கும். இரவிலும் விளக்குடன் சுற்றலாம். ஒரு விலங்கின் அருகே சேரும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் சொல்வது, க்ரூகரின் அரசு முகாம்களில் நான்கு நாள் தாங்களே காரோட்டிச் சுற்றிவிட்டு, கடைசி இரண்டு இரவுகளைக் காப்பகத்தில் கழிக்கலாம் என்பதே. முன்பதிவு செய்யும்போது விடுதியின் நீச்சல்குளத்தைப் பற்றிக் கேட்பதைவிட, அதன் வண்டிகள் எவ்வளவு பரப்பில் சுற்ற உரிமை பெற்றுள்ளன என்று கேட்பது பயன்தரும். அது விடுதிக்கு விடுதி மாறும். ஆற்றங்கரை அந்தப் பரப்புக்குள் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பகுதியை லோவெல்ட், அதாவது தாழ்நிலப் புல்வெளி என்பார்கள். மேற்கே ட்ராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் சுவர்போல் எழ, அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கே சரியும் நிலம் இது. தென்னரைக்கோளம் ஆதலால் பருவங்கள் நமக்கு நேர்மாறானவை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கோடையும் மழையும் ஒன்றாக வரும். மே முதல் ஆகஸ்ட் வரை குளிரும் வறட்சியும் ஒன்றாக வரும். ஆண்டு மழை சராசரியாக 550 முதல் 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும் மழை. இந்தச் சராசரியை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் 2012 ஜனவரியிலும் ஆறுகள் பெருக்கெடுத்து முகாம்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றன. 2015–16இல் எல் நினோவை ஒட்டி வந்த வறட்சியில் மேய்ச்சல் இல்லாமல் நீர்யானைகளும் எருமைகளும் திரளாக மடிந்தன. அந்த வறட்சியில் சிங்கங்களுக்கு மட்டும் இரைக்குக் குறைவிருக்கவில்லை.

விலங்குகளைத் தெளிவாகப் பார்ப்பதே நோக்கமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாம். இலையுதிர்ந்து, புல் படுத்து, சிறு குட்டைகள் வற்றிவிடுவதால், எஞ்சிய நீரைத் தேடி யானைக் கூட்டங்களும் எருமை மந்தைகளும் ஆற்றுக்கே வர வேண்டியிருக்கும். நீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் குட்டி போடுவதும் இந்தக் குளிர்கால வாக்கில்தான். ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் கூட்டம், குட்டிகளுக்காகச் சுமார் மூன்று மாதம் ஒரு வளையைச் சுற்றியே தங்குகிறது. அவற்றைப் பார்க்க வாய்ப்பு கூடும் காலம் அது. ஆகஸ்ட் முடிவில் மொட்டைக் கிளைகளில் நாப்தோர்ன் என்னும் முள்மரம் வெளிர்மஞ்சளாகப் பூக்கும்போது, ஒட்டகச்சிவிங்கிகள் பூவையே மேய்வதைக் காணலாம். குறை என்னவென்றால் புழுதியும், சாம்பல் பூத்த நிறமும். எல்லாப் படங்களும் ஒரே காவி வண்ணத்தில் இருக்கின்றனவே என்று திரும்பி வந்து வருந்துவோர் உண்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காடு வேறொன்றாகிவிடுகிறது. முதல் நல்ல மழைக்குப் பின் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும்; அன்று பறவைகள், ஓணான்கள், கீரிகள் எல்லாவற்றுக்கும் விருந்து. இம்பாலா மான்கள் சில வாரங்களுக்குள்ளேயே மொத்தமாகக் குட்டி ஈனுகின்றன. வேட்டை விலங்குகள் எவ்வளவுதான் தின்றாலும் ஒரே நேரத்தில் பிறந்த அத்தனை குட்டிகளையும் தின்று தீர்க்க முடியாது என்பதே இதிலுள்ள தந்திரம். வலசைப் பறவைகளும் அப்போது வந்துசேரும். காட்டு மீன்கொத்தி நவம்பரில் வந்து ஏப்ரல் வரை ஓயாமல் கத்தும். அதன் குரல் கேட்டால் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று பொருள். டிசம்பர் வாக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு வரும் அமூர் வல்லூறுகள் நமக்குத் தெரிந்த விருந்தாளிகள். கிழக்காசியாவிலிருந்து புறப்பட்டு, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் இலட்சக்கணக்கில் தங்கி, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை நிற்காமல் தாண்டி அங்கே வருகின்றன. பறவை ஆர்வலர் என்றால் யோசிக்காமல் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். சிங்கத்தைத் தேடுவோர்தான் பொறுமை காக்க வேண்டும். இடுப்பளவுப் புல்லில் பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் சிங்கத்தை நான் வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டிய பின்பும் ஒரு நிமிடம் தேடியிருக்கிறேன். குட்டைகள் எங்கும் நிரம்பியிருப்பதால் எந்த விலங்குக்கும் ஆற்றுக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம் பள்ளி விடுமுறையை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் அமைந்துவிடுவது ஒரு நல்வாய்ப்பு. மழை ஓய்ந்து, பச்சை முழுவதும் மாறாமல், பகல் வெயில் இதமாக இருக்கும். அது இம்பாலாக்களின் இணைசேர் காலம். ஆண் மான்கள் உறுமிக்கொண்டு ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்கும் புதியவர்கள், மான் எழுப்பும் ஒலி என்று நம்ப மறுப்பார்கள். மோதலில் கவனம் சிதறிய ஆண் மான் சிறுத்தைக்கு எளிதில் இரையாவதும் அப்போதுதான். அக்டோபரை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. பகலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும், மழை வந்தும் வராமலும் போக்குக் காட்டும். ஆனால் வற்றிய நீர்நிலையோரக் காட்சிகளுக்காக அதையே விரும்பிப் போகிற புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா பெற்றே செல்ல வேண்டும். கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்க வேண்டும், நீங்கள் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 30 நாள் அது செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் செல்வதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் கையோடு வைத்திருப்பது நல்லது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பல விடுதிகள் வண்டியில் ஏற்றுவதில்லை என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் வழியே விமானம் மாறுகிறவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். பயண நேரங்களைப் பார்த்து வாங்குங்கள்.

லோவெல்டில் மலேரியா உண்டு. செப்டம்பர் முதல் மே வரை அபாயம் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவரைப் புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பார்க்க வேண்டும். ஏனெனில் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றை ஓரிரு நாள் முன்பும், சிலவற்றை வாரக்கணக்கில் முன்பும் தொடங்க வேண்டியிருக்கும். ஊர் திரும்பிய பிறகும் சில காலம் விழுங்க வேண்டும். வந்த பின் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா சென்றுவந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஐந்து முதல் ஆறு மணி நேரம். க்ரூகருக்குள் இருக்கும் ஸ்குகூசா முகாமுக்கும், எம்பொம்பெலா நகரின் அருகிலுள்ள விமானநிலையத்துக்கும் விமானச் சேவை உண்டு. விடுதிகளின் ஓடுபாதையில் இறங்கும் சிறு விமானங்களில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளை ஏற்ற மாட்டார்கள். மடங்கக்கூடிய துணிப் பைதான், எடையும் சுமார் 20 கிலோவுக்குள். மின்சாதனங்களைப் பற்றி ஒரு நற்செய்தி: தென்னாப்பிரிக்காவில் வழக்கிலுள்ள பெரிய மூன்று உருண்டை முள் பிளக், நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் பயன்படும் அதே பிளக்தான். தெருமுனை மின்சாமான் கடையில் கிடைக்கும் மாற்றுப் பிளக் ஒன்று போதும். விமானநிலையத்தில் அதற்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டாம். சைவ உணவினர், முட்டை சேர்க்காதவர் என்றால் அதையும் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அருகில் கடை எதுவும் கிடையாது.

நான்காம் படி: உடை

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து, ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டருடன் முதன்முறை ஜூலையில் போய் இறங்கியவன் நான். பகலில் 26 டிகிரி இருக்கும் அதே நாளின் விடியலில் 6 டிகிரிதான் இருக்கும். அதுவும் திறந்த வண்டியில், காற்று முகத்தில் அறைய. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டில் ஓரளவு தாங்கும்படி இருந்த குளிர், வண்டி வறண்ட ஓடையில் இறங்கிய நொடியில் ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் முழங்காலில் ஏறும். எதிர்க்கரை ஏறியதும் மீண்டும் இளகும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுத் தடுப்பு மேலங்கி, உள்ளே இரண்டு அடுக்கு என்று போனால், ஒன்பது மணிக்கு வெங்காயம் உரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோடையில் மழைக்கான மேலங்கியும், மாலையில் கொசு கடிக்காதபடி முழுக்கைச் சட்டையும் வேண்டும். நிறம் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்தால் போதும். தொலைநோக்கி ஆளுக்கொன்று இருக்கட்டும். கணவனும் மனைவியும் ஒரே தொலைநோக்கியைப் பங்குபோடும் வண்டியில் நான் அமர்ந்திருக்கிறேன். அந்தப் பூசல் சிறுத்தையைவிடச் சுவையாக இருந்தது.

ஐந்தாம் படி: வண்டியில் நடந்துகொள்ளும் முறை

காலைச் சுற்று விடியலோடு தொடங்கும். டிசம்பரில் சுமார் 5 மணிக்கே கிழக்கு வெளுத்துவிடும், ஜூனில் 6.30 ஆகும். மாலைச் சுற்று மூன்றரை, நான்கு மணிக்குக் கிளம்பி இருட்டிய பின் முடியும். காட்டு விலங்குகள் வண்டியையும் அதிலிருப்பவர்களையும் சேர்த்து ஒரே உருவமாகவே காண்கின்றன. அதனால்தான் சிங்கம் ஐந்தடி தூரத்தில் நம்மைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகிறது. எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடைகிறது. அங்கே மனிதன் தெரிகிறான். அமர்ந்தே இருங்கள் என்ற விதியின் பின்னுள்ள காரணம் இதுதான்.

பானெட்டின் இடப்பக்க முனையில் சிறு இருக்கையில் அமர்ந்திருப்பவர் தடம் பார்ப்பவர். பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தின் ஷங்கான் மக்களாக இருப்பார்கள். அவர் கை உயர்த்தினால் வண்டி நிற்கும். அப்போது என்ன, எங்கே என்று ஆளாளுக்குக் கேட்காமல் அவர் பார்க்கும் திசையில் பாருங்கள். வானொலியில் வழிகாட்டிகள் பேசும்போது விலங்குகளின் பெயரைப் பெரும்பாலும் உள்ளூர் மொழியிலேயே சொல்வார்கள். ஷங்கான் மக்கள் பேசும் சோங்கா மொழியில் யிங்வே என்றால் சிறுத்தை, ங்காலா என்றால் சிங்கம், ந்ட்லோப்ஃபு என்றால் யானை, ந்யாரி என்றால் எருமை. இந்த நான்கையும் தெரிந்துகொண்டு போனால், அடுத்து எங்கே போகிறோம் என்பது உங்களுக்கும் முன்கூட்டியே விளங்கிவிடும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. ஏமாற்றம் வந்தால் அது வழிகாட்டியின் தலையில் விழும்.

முதல் சுற்றிலேயே உங்கள் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் மரங்களுக்கும் நிற்கலாம் என்று சொன்னவுடன் பல வழிகாட்டிகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: நிலத்தைப் படித்தல்

புதியவர்கள் அறவே கவனிக்காததும், எனக்கு எல்லாவற்றிலும் சுவையானதும் இதுதான். சாபி சாண்ட் பெரும்பாலும் கருங்கல் பாறைமேல் அமைந்த, மெல்ல ஏறி இறங்கும் நிலம். மேட்டின் உச்சியில் பெருமணல்; மழைநீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே மேட்டில் புஷ்வில்லோ என்னும் குறுமரங்களும் சுவையற்ற முரட்டுப் புல்லும் இருக்கும். உள்ளே இறங்கிய நீர் பாறைமேல் சரிந்து வந்து, சரிவின் நடுவில் களிமண்ணில் முட்டி, மேலே கசியும். அந்தக் கசிவுக் கோட்டை வெள்ளிபோல் மினுக்கும் இலையுள்ள ஒரு மரவரிசை காட்டிக்கொடுக்கும். அது நம் மருத மரத்தின் நெருங்கிய உறவு. அதற்குக் கீழே களிமண், உப்புச்சத்து, குட்டையான இனிப்புப் புல், மரமில்லா வெட்டவெளி. அதற்கும் கீழே ஓடை. ஓடைக்கரையில் கருங்காலி இனத்தைச் சேர்ந்த ஜாக்கல்பெர்ரி மரங்கள்.

இப்போது விலங்குகளை இதில் பொருத்திப் பாருங்கள். வரிக்குதிரையும் வைல்டுபீஸ்ட்டும் இம்பாலாவும் வெட்டவெளியில் நிற்கின்றன. புல் இனிக்கிறது, நெடுந்தூரம் பார்வையும் தெளிவாக இருக்கிறது. சிறுத்தை ஓடையில் பதுங்கி வருகிறது. ஒளிய இடமும் உண்டு, கழுதைப்புலி வந்து பறிக்குமுன் இரையைத் தூக்கிவைக்கப் பெருங்கிளையும் உண்டு. யானைகள் மேட்டுக்கும் ஓடைக்குமாக நடக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை மருலா பழுக்கும்போது, மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரத்தடியில் அவை கூடியிருக்கும். மூன்று நாள் இப்படிப் பார்த்துப் பழகினால், அடுத்த வளைவில் என்ன நிற்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். ஊகம் பாதி நேரம் தவறும், அதனாலென்ன.

வண்டி ஏதேனும் ஒரு நீர்நிலையருகே நிற்கும்போது, இது இயற்கையாக உண்டானதா, கட்டியதா என்று வழிகாட்டியைக் கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டில் க்ரூகரிலும் தனியார் நிலங்களிலும் ஆழ்குழாய்க் கிணறுகளும் அணைகளும் ஏராளமாக அமைக்கப்பட்டன. நீர் கொடுப்பது புண்ணியம் என்பதுபோல் தோன்றும். ஆனால் க்ரூகரின் வறண்ட வடபகுதியில் புதிய நீரைத் தேடி வரிக்குதிரைகள் வர, அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வர, அங்கே வாழ்ந்த அரிய ரோன் மான்கள் அழிவின் விளிம்புக்குப் போயின. 1990களிலிருந்து பூங்கா நிர்வாகம் பல கிணறுகளை மூடிவந்திருக்கிறது. விருந்தினர் பார்வைக்கு விலங்குகளை அருகே கொண்டுவரும் நீர்நிலைகளைத் தனியார் விடுதிகள் மூடுவது அவ்வளவு எளிதல்ல. இந்த இழுபறி தீர்ந்துவிடவில்லை.

ஏழாம் படி: விலங்குகளை அருகில் பார்த்தல்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டுமாக மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தவை சிவிங்கிகள், அதாவது ஆங்கிலத்தில் சீட்டா. நம் செய்தித்தாள்கள் அவற்றைச் சிறுத்தை என்றே எழுதின. சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு உண்டு, உடலில் தனித்தனிப் பொட்டுகள்; வெட்டவெளியில் ஓடிப் பிடிக்கும். சிறுத்தைக்குப் பொட்டுகள் பூப்போல் கூட்டமாக இருக்கும், பதுங்கிப் பாயும். சாபி சாண்ட் புகழ்பெற்றது சிறுத்தைக்கு. சிவிங்கி அங்கே அரிது, கண்டால் கொடுத்துவைத்தவர்.

வேறு காடுகளில் வாலைக்கூடக் காட்டாத சிறுத்தை இங்கே வண்டியின் பக்கத்தில் படுத்து உறங்குவதற்கு வரலாறு உண்டு. லண்டலோசி விடுதியின் நிலத்தில் 1979வாக்கில் ஒரு பெண் சிறுத்தை வண்டிகளுக்குப் பழகத் தொடங்கியது. துரத்தாமல், மறிக்காமல், தினமும் சற்று தூரத்தில் நின்று பார்த்துத் திரும்பியதால் விளைந்த பழக்கம் அது. தாயிடமிருந்து குட்டிகளுக்கும் அந்த அச்சமின்மை வந்தது. இன்று வழிகாட்டிகள் ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியே அறிவார்கள். எப்படி என்கிறீர்களா? மேலுதட்டில் மீசைமயிர் வரிசைகளுக்கு மேலே, தனியாக நிற்கும் சில பொட்டுகளைப் பாருங்கள். ஒரு கன்னத்தில் மூன்று, மறு கன்னத்தில் இரண்டு என்றால் அது மூன்றுக்கு இரண்டு. பிறந்ததிலிருந்து இறப்பதுவரை அந்தக் கணக்கு மாறுவதில்லை. தொலைநோக்கியை முகத்தில் குவித்து நீங்களே எண்ணலாம். எண்ணி முடிப்பதற்குள் அது கொட்டாவி விட்டால் மறுபடி தொடங்க வேண்டும்.

யானையைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் அங்கே செல்லாது. தந்தம் இருந்தால் ஆண் என்ற நம் கணக்கு ஆப்பிரிக்க யானையிடம் பொய்க்கும். பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நெற்றியைப் பாருங்கள்: கோணமாக மடிந்தால் பெண், உருண்டு இறங்கினால் ஆண். கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்ற முடிவுக்கும் உடனே வந்துவிட வேண்டாம். அங்கே பெண் யானைகளுக்கும் குட்டிகளுக்கும்கூடக் கலவரத்தில் அப்படி வழியும். பெரிய ஆண் யானை கன்னநீரோடு, பின்கால்கள் நனைய சிறுநீர் சொட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து வந்தால்தான் அது மதம். வழிகாட்டி அப்போது உங்களைக் கேட்காமலே வண்டியைப் பின்னால் எடுப்பார்.

காண்டாமிருகத்தில் வெள்ளை, கறுப்பு என்பவை நிறமல்ல. வெள்ளைக்கு அகன்ற சதுர வாய், புல் மேயும், குட்டி தாய்க்கு முன்னால் ஓடும். கறுப்புக்குக் கூர்ந்த மேலுதடு, தழை தின்னும், குட்டி பின்னால் வரும். இரண்டையுமே கொம்பில்லாமல் பார்க்க நேரிடலாம். க்ரூகரைச் சுற்றிய 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்த ஆய்வில், 2,284 காண்டாமிருகங்களின் கொம்பு அறுக்கப்பட்டதும், அறுத்த இடங்களில் கள்ளவேட்டை 78 விழுக்காடு குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. கொம்பு நகம்போன்ற பொருள்தான். மயக்க மருந்து கொடுத்து அறுக்கிறார்கள், மறுபடி வளர்கிறது, மறுபடி அறுக்க வேண்டும். படம் எடுத்தால் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள்; அன்றைய தினமே இடத்தைச் சொல்லி வெளியிடவும் வேண்டாம்.

எட்டாம் படி: விடுதியில்

பெரும்பாலான விடுதிகளுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறைக்குச் செல்ல ஆளைக் கூப்பிட வேண்டும். இருபதடி தூரம்தானே என்று தனியே நடக்கக் கூடாது. பகலில் கதவைத் தாழிட்டு வையுங்கள், சிறுத்தைக்காக அல்ல, குரங்குக்காக. நடைப்பயணம் சென்றுவந்தால் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் அங்கே வழக்கமான ஒன்று. வழிகாட்டிக்கும் தடம் பார்ப்பவருக்கும் அன்பளிப்பைத் தனித்தனி உறையில், கடைசி நாளில் கொடுப்பது வழக்கம்.

அந்தக் கடைசி நாள் காலையில் தடம் பார்ப்பவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: வண்டியை நிறுத்தி, மணல் தடம் ஒன்றை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். நகக்குறி பதிந்திருந்தால் பெரும்பாலும் கழுதைப்புலி அல்லது காட்டுநாய். நகம் பதியாமல், உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மடலாக இருந்தால் சிங்கமோ சிறுத்தையோ, அளவுதான் வேறுபாடு. அதன்பின் அது எப்போதைய தடம் என்று கேளுங்கள். அவர் குனிந்து விளிம்பைப் பார்ப்பார். மணல் விளிம்பு கூராக நின்று, தொட்டால் உதிருமானால் புதியது. உள்ளே பனி சொட்டிய சிறு குழிகள் இருந்தால் விடியலுக்கு முன்னது. தடத்தின் குறுக்கே ஏதோ ஒரு வண்டு நூல்போல் கோடிழுத்துப் போயிருந்தால், இரவில் அந்த வண்டு நடமாடுவதற்கு முன்பே சிறுத்தை கடந்துவிட்டது. அதைத் தேடிப் பயனில்லை என்று அவர் கை தட்டிக்கொண்டு எழுந்து, மறுபடி பானெட்டின் மேல் ஏறி அமர்வார்.